ஐஸ் தண்ணி

மைக்கேலின் காலடியில் மாலையை வைக்கக் குனிந்த சேதுபதியின் கையை எலினா பிடித்துக்கொண்டாள்.

"அத வைக்காதிய மொதலாளி. எங்கண்ணன் எதத் தின்னு செத்தான்னு மொதல்ல சொல்லுங்க."

உபதேசியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

ராஜபாளையத்துக்கு வெளியே சேதுபதி நடத்தும் எறால் கம்பெனியில் எலினாவுக்குப் பொட்டலம் போடும் வேலை. அண்ணன் அங்கேயே வேன் ஓட்டினான். தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வரும் பச்சை எறாலும், அவித்து ஆறவைத்த எறாலும் ஒரே குளிர் அறையில்தான் கிடக்கும். பச்சை மேல்தட்டில், அவித்தது நேர் கீழே, மூடிகூட இல்லாமல். ஐஸ் உருகிச் சொட்டுவதெல்லாம் அவித்ததன் மேல்தான். மாற்றி அடுக்கச் சொல்லி எலினா எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். "வெறும் ஐஸ் தண்ணிதானம்மா" என்பார் சேதுபதி.

வியாழக்கிழமை மத்தியானம் மைக்கேல் அந்தக் கீழ்த்தட்டிலிருந்து அவித்த எறாலை ஒரு கை அள்ளித் தின்றான். ராத்திரியே காய்ச்சல். மறுநாள் காலெல்லாம் கருநீலக் கொப்புளம். "ஏற்கெனவே ஈரல் கெட்ட உடம்பு. பச்ச எறால்ல இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறிருச்சு" என்றார் டாக்டர். சனிக்கிழமை விடியுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவன் ஈரல் கெட்டதுக்கு நானா பொறுப்பு?" என்றார் சேதுபதி, தணிந்த குரலில்.

"ஈரல் அவனோடது. தண்ணி ஒங்களோடது."

எலினா, கூட வேலை பார்க்கும் மாரிசெல்வியிடம் திரும்பினாள். "இன்னைக்கு எப்படி அடுக்கிருக்கு?"

"அப்படியேதான்க்கா. சாயங்காலம் வத்திராயிருப்பு கல்யாண வீட்டுக்குப் போகுது."

எலினா சேதுபதியிடம் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"பொணத்தப் போட்டுட்டு எங்கட்டி போற?" என்று மாமா அதட்டினார்.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா தங்கபாய், மகன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "போயிட்டு வாட்டி. அவன் செத்த நேரம் கெடப்பான்."

கூடியிருந்தவர்கள் எல்லாரும் சேதுபதியைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

மாரிசெல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் கூட வந்தார்கள். கம்பெனியில் குளிர் அறைக் கதவைத் திறந்தபோது மேல்பெட்டியின் ஓட்டை வழியே கலங்கல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சை எறால் பெட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினார்கள். மேல்தட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். அவித்ததை யாரும் கழுவி விற்றுவிடக் கூடாதென்று, பின்பக்கத்துக் காலி மனையில் குழி வெட்டி எலினாவே கொட்டினாள்.

"இனிமே நம்மள உள்ள விடுவாராக்கா?"

"விடாட்டிப் போறாரு."

வாசனைக்கு ஒரு நாய் வந்து குழியருகே மூக்கை நீட்டியது. எலினா மண்கட்டியை எறிந்து விரட்டினாள். மண்வெட்டியால் குழியை மூடினாள்.

"அங்க அண்ணன எடுக்க நேரமாச்சுக்கா" என்றாள் மாரிசெல்வி.

எலினா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தாள். நாய் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.