மூடாத டெர்மினல்

அந்தப் பால் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைத் தலைவருக்கு, முதுகுக்குப் பின்னால் ‘துடைப்பத்தார்’ என்று பெயர். கூட்டுவது, துடைப்பது, தேவையில்லாததைத் தூக்கி எறிவது என்றால் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். மேஜையில் ஒரு பின் கிடந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் கம்பெனி சர்வருக்குள்ளும் அதே கதைதான். பழைய ஃபைல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கை பரபரக்கும்.

அவர் போட்ட விதிகளில் தலையாயது பத்து நிமிட விதி. சர்வருக்குள் நுழைந்தவர் பத்து நிமிடம் சும்மா இருந்தால், அது தானாக அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். கேட் கிளார்க்கிலிருந்து கணக்குப் பிரிவு வரை எல்லோரும் ஒரு நாளைக்கு முப்பது தடவை லாகின் செய்து, முப்பது தடவை அவரைத் திட்டினார்கள். திட்டுவது காதில் விழுந்தால் அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

ஒரே ஓர் ஆள் மட்டும் அந்த விதிக்கு அடங்கவில்லை. அந்த ஆள் அவருடைய மைத்துனி; மனைவியின் சொந்தத் தங்கை.

அவளை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவரே அவர்தான். வீட்டில் அவள் அவருக்கு ‘நீ’, ஆபீஸில் ‘நீங்க’. அவளுக்கு அவர் வீட்டில் ‘அத்தான்’, ஆபீஸில் ‘சார்’. இந்த ஏற்பாடும் அவர் போட்டதுதான். கெட்டிக்காரி. ஆனால் தன் மேஜையில் ஒரு டெர்மினலை, அதாவது சர்வருக்குக் கட்டளை அடிக்கிற திரையை, ரூட் அதிகாரத்தோடு இரவும் பகலும் திறந்தே வைத்திருப்பாள். ரூட் என்றால் சர்வரில் எதையும் ஆக்கவும் அழிக்கவும் உரிமை உள்ள முதலாளி. அந்த டெர்மினல் சும்மா இருப்பதாகச் சர்வருக்குத் தோன்றாதபடி, நொடிக்கொரு தரம் எண்கள் மாறும் ஒரு புரோகிராமை அதில் ஓடவிட்டிருந்தாள்.

“இதை ஏன் மூட மாட்டேங்கறீங்க?” என்று அவர் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். “முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு தடவை எல்லாரும் வெளியே மாட்டிக்கிட்டோம் சார். அன்னிலேர்ந்து யாராவது ஒருத்தர் உள்ளே இருக்கணும்னு வெச்சிருக்கேன்.”

“அது பயம். பயத்துக்கெல்லாம் விதியில இடம் கிடையாது” என்பார் அவர்.

கேண்டீனில் பேச்சு கிளம்பியது. ஊருக்குத்தான் உபதேசம், மச்சினிக்கு இல்லையாம் என்றார்கள். மனிதரை இது உறுத்தியது. உண்மையைச் சொன்னால், புண்ணில் புளித்தண்ணீர் பட்டது போல எரிந்தது. ஒரு மாலை மேலாளரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். “நாளைக்குக் காலையில நீங்களே வந்து கண்ணால பாருங்க. எனக்கு வேண்டியவங்கன்னு நான் பார்க்க மாட்டேன். வேற செக்‌ஷனுக்கு அனுப்பிடுங்க” என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்தபோது அவருக்குத் தன்மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று. வீட்டில் மனைவியிடம், நாளை மேலாளர் வருகிறார் என்பதை மட்டும் சொன்னார். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. நியாயவானாக இருப்பது ஆபீஸில்தான் எளிது.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து அறையைத் துடைத்தார். திரையைத் துடைத்தார். பிறகு சர்வருக்குள் போய் அங்கேயும் துடைக்க ஆரம்பித்தார். மேலாளருக்கு யூனிக்ஸில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பரணையும் பெருக்குகிற ஜாதி இவர்.

சர்வரை யார் யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்ற விவரம் முழுவதும் ஒரே ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். அதற்குப் பாஸ்வேர்டு ஃபைல் என்று பெயர். பாஸ்வேர்டு மட்டும் அதில் இருக்காது. அதன் பக்கத்தில் அதன் பழைய நகல்கள் அசிங்கமாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக அழிக்கச் சோம்பல். பெயரின் முதல் பகுதியை அடித்து, பின்னால் ஒரு ஸ்டார் போட்டு, அழி என்றார். அந்தப் பெயரில் தொடங்குகிற எல்லாம் போய்விடும். போயிற்று. நகல்களோடு மூலமும் போயிற்று. ஸ்டாருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்திருந்தால் மூலம் பிழைத்திருக்கும்.

சர்வர் ஒன்றும் சொல்லவில்லை. யூனிக்ஸின் மரியாதை அப்படி. முதலாளி சொன்னால் ஏன் என்று கேட்காது. இடம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து, மேலாளரை எதிர்கொள்ள மாடிப்படிக்குப் போனார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது பால் கம்பெனியில் நடக்காமல் வேறெங்கே நடக்கும்? கால் மணி நேரமாகப் படியில் நின்றவரைக் கேட் கிளார்க் செல்போனில் பிடித்தார்.

“சார், உள்ள போகவே முடியல. என் பேரைப் போட்டா அப்படி ஒரு ஆளே இல்லங்கற மாதிரி தள்ளுது. லாரிக்கு ஸ்லிப் போடணும் சார், வரிசை ரோடு வரைக்கும் நிக்குது.”

“பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருப்பீங்க.”

“நான் மட்டும்னா சரி. எல்லாருமா சார் தப்பா அடிப்போம்?”

அறைக்கு ஓடினார். அவருடைய டெர்மினல் மூடிக் கிடந்தது. பத்து நிமிடம் சும்மா இருந்ததால் வெளியேற்றப்பட்டீர்கள் என்று, அவரே எழுதி வைத்த பணிவான வாசகம் திரையில் நின்றது. தன் பெயரை அடித்தார், தள்ளியது. ரூட் என்று அடித்தார், முதலாளியையும் தள்ளியது. அப்போதுதான் அந்த ஸ்டார் நினைவுக்கு வந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுடுவதற்குக் கொஞ்சமாவது நேரம் எடுத்துக்கொள்ளும் என்று அவர் நினைத்திருந்தார்.

சர்வரை நிறுத்தி, வேறு டிஸ்க்கைப் போட்டு எழுப்பிச் சரிசெய்யலாம். ஆனால் குளிர் டேங்குகளைக் கவனிப்பதும் அதே சர்வர்தான். நிறுத்தினால் எழுந்து வர மதியமாகிவிடும். லாரியில் நிற்கிற பாலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. யாராவது ஏற்கெனவே உள்ளே இருந்தால்தான் வழி. இந்தக் கம்பெனியில் யார் உள்ளே இருப்பார்கள்? எல்லோரையும் வெளியே தள்ளுவதற்குத்தானே அவர் சம்பளம் வாங்குகிறார்.

ஒரே ஓர் ஆள். அவர் ஹாலுக்குப் பாய்ந்தார்.

மைத்துனி அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, எண்கள் ஓடும் புரோகிராமை நிறுத்திவிட்டு, டெர்மினலை மூடும் சொல்லை அடித்துக்கொண்டிருந்தாள். இன்று மேலாளர் வருகிறார் என்று காலையில் அக்கா போனில் சொல்லியிருந்தாள். அத்தானுக்குத் தன்னால் தலைகுனிவு வேண்டாம் என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் பேச்சைக் கேட்கத் தீர்மானித்திருந்தாள்.

“மூடாதே!” என்று அலறினார். “கையை எடு! எடுன்னு சொல்றேன்ல!”

ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின. ‘நீங்க’ எங்கோ காற்றில் போயிருந்தது.

“என்ன அத்தான், நீங்கதானே மூடச் சொன்னீங்க?” அவளுக்கும் ‘சார்’ மறந்துவிட்டது.

அவர் குனிந்து அவள் காதில் விஷயத்தைச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் மட்டும் வந்துபோயிற்று. சோதித்துப் பார்க்க, உள்ளே இருந்தபடியே புதிதாக ஒரு ஷெல்லை, கட்டளை வாங்கும் புரோகிராமை, திறந்தாள். வழக்கமாக ரூட் என்று வருகிற இடத்தில், ‘எனக்குப் பெயரில்லை’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அது அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

“நேத்து ராத்திரி எடுத்த நகல் பேக்கப் மெஷின்ல இருக்கு” என்றாள். அங்கே போகக் கட்டளை கொடுத்தாள். அப்படி ஒரு ஆளே கிடையாது என்று சர்வர் மறுத்துவிட்டது.

“முதல்ல ரூட்டுக்கு ஒரு வரி கையாலேயே எழுதிடணும்” என்றார் அவர். “அதுக்கு ஒரு பேர் கிடைச்சாத்தான் அந்த மெஷினுக்குப் போக விடும். நான் சொல்றேன், நீ அடி.” எத்தனை வருஷத் துடைப்பமானாலும் தொழில் தெரிந்த மனிதர், அந்த வரி அவருக்கு மனப்பாடம். எழுத்து, புள்ளி, பூஜ்யம் எதுவும் பிசகாமல் சொன்னார். அவள் அடித்தாள். என்டர் ஒன்றுதான் பாக்கி.

“என்ன, ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்திருக்கீங்க?”

மேலாளர் பின்னால் நின்றிருந்தார். திரையை எட்டிப் பார்த்தார். “இதுதானா அது? நேத்து நீங்க சொன்னப்ப நான் நம்பலை. நிஜமாவே திறந்துதான் கிடக்கு. சரி, நீங்க கேட்டபடியே செஞ்சிடலாம். இவங்களைப் புகார் போன் செக்‌ஷனுக்கு அனுப்பறேன்னு அங்க காலையிலேயே சொல்லிட்டேன்.”

விசைப்பலகையின் மேல் அவள் விரல்கள் நின்றன. அவள் திரும்பினாள்.

“நீங்க கேட்டபடியா அத்தான்?”

வெளியே லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்தினார்கள். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஒரு விசையை அழுத்தி டெர்மினலை மூடியிருக்கலாம். அவர் கொடுத்த உத்தரவுதானே அது. அவர் பயந்தார். வேலைக்கோ பாலுக்கோ அல்ல, அவள் முகத்தில் இருந்த அந்த ஆச்சரியத்துக்குப் பயந்தார்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி என்டரைத் தட்டினாள். மறுபடி கட்டளை கொடுத்ததும் பேக்கப் மெஷின் கதவு திறந்தது. நகலை இழுத்துவந்து உரிய இடத்தில் வைத்தாள். பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடங்கி, முதல் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“கேட்டுல என்ன தகராறு?” என்றார் மேலாளர்.

‘நெட்வொர்க்’ என்ற சொல் துடைப்பத்தாரின் வாயில் தயாராக வந்து நின்றது. எந்த ஆபீஸிலும் எல்லாப் பழியையும் வாங்கிக்கொண்டு எதிர்த்துப் பேசாத அநாதை அது. யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளும் சொல்ல மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனாலேயே அந்தச் சொல்லை அவரால் வெளியே விட முடியவில்லை.

“நான்தான் சார் தகராறு” என்றார். “முக்கியமான ஃபைலை அழிச்சிட்டேன். என் விதி என்னையும் வெளியே தள்ளிடுச்சு. இவ இதைத் திறந்து வெச்சிருந்ததாலதான் இன்னிக்குப் பால் வெளியே போகுது.”

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “நல்லது. ஆனா அங்க ஒரு ஆள் தர்றேன்னு சொல்லிட்டேனே. சொன்ன சொல்லை மாத்தறது எனக்குப் பிடிக்காது” என்றார். அவளைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். பார்வை இவரிடமே தங்கிவிட்டது. “நீங்களே ஒரு ஆறு மாசம் போயிட்டு வாங்க.”

மேலாளர் போன பிறகு அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அறையை விட்டுப் போறவங்களோட பேரை அன்னிக்கே எடுத்துடணும், இல்லையா?” என்று அவள் கேட்டாள்.

“ஆமா. விதி.”

அவள் ஃபைலுக்கு முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு திறந்து, அவர் பெயர் இருந்த வரிக்கு வந்து நின்றாள்.

“பார்த்து” என்றார் அவர். “ஒரு வரி மட்டும்.”

ஒரு வரி மட்டும் போயிற்று. அவள் சேமித்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“ஃபைலை அழிச்சதை அக்காகிட்ட நானே சொல்றேன் அத்தான். கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா. என்னை அனுப்பச் சொன்னதை மட்டும் நீங்களே சொல்லிடுங்க.”