பன்னிரண்டாம் செடியின் கட்டு

கிட்ட வந்து இருங்கள், கண்ணுகளே. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரு தக்காளிச் செடியின் கதை சொல்லப்போகிறேன். சின்னக் கதைதான், நெஞ்சில் கொஞ்ச நாள் கிடக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக் காலம். வாவிக்கரையோர வளவொன்றில் இலட்சுமிப்பிள்ளை பன்னிரண்டு தக்காளிச் செடி வைத்திருந்தாள். தை மாதம் பிஞ்சு பிடித்தது. பிஞ்சு பிடித்தால் செடிக்குக் கனம் வந்துவிடும், தெரியும்தானே? கம்பு நட்டுக் கட்டாவிட்டால் மண்ணில் சாய்ந்து காய் அழுகும். மண்ணைக் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் காய் வெடிக்கும். அவள் தினமும் காலையில் அளவாக ஊற்றி, அடியில் வைக்கோல் பரப்பி, இலைக் கக்கத்தில் முளைக்கும் வீண் தளிர்களைக் கிள்ளிவிடுவாள். கட்டுவது மட்டும் அவள் புருசன் அழகரத்தினத்தின் வேலை. தோணியில் போய் வலை போடுகிறவன். அவன் முடிச்சு அவிழாது.

அந்த முறை அவன் கட்டியது, கரையோரப் பற்றைப் புதருக்குள் கண்டெடுத்த பச்சை வயரால். "கயிறு மாதிரி உக்காது புள்ள," என்று சந்தோசப்பட்டான்.

மாசியில் காய்கள் சிவக்கத் தொடங்கின. ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வந்து மரக்கறி வாங்கும் முகைதீன்பாவா வளவுக்குள் வந்தார்.

"என்ன புள்ள, செடிக்கெல்லாம் நகைநட்டுப் போட்டிருக்காய்!" என்று சிரித்தபடி குனிந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இந்த வயர் எங்கால?"

"அவர் வாவிக்கரையில எடுத்தது, காக்கா."

"இது கண்ணிவெடிக்கு இழுக்கிற வயர் புள்ள! பாலத்தடியில ஆமி இறங்கி வீடு வீடா வாறான். கண்ணால பாத்திட்டுத்தான் வாறன். இதக் கண்டா உன்ட புருசன விடுவானா? கழட்டு, கெதியா!"

கூடையை நிரப்பாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வாவிப் பக்கம் கொக்குகள் ஒன்றாக எழும்பின. தெருவில் குரைத்த நாய்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

இலட்சுமிப்பிள்ளை பழைய சீலையொன்றைக் கிழித்தாள். வீட்டுக்குள் படுத்திருந்த புருசனை எழுப்பினாள். அவன் வயரை வெட்ட வெட்ட, அவள் சீலைத் துண்டால் கட்டினாள். வெட்டிய துண்டுகளை அவன் கரைச் சேற்றில் மிதித்துப் புதைத்தான். பன்னிரண்டாம் செடியில்தான் கை நின்றது. கூடுதலாகக் காய்த்தது அதுதான். இறுக்கிக் கட்டியதால் தண்டு பருத்து வயரை விழுங்கியிருந்தது.

"செடியோட புடுங்கி எறி," என்றான்.

"பதினாறு காய் இருக்குங்க."

"உனக்குக் காயா இப்ப பெரிசு?"

"மேலால சீலையச் சுத்திவிடுறன். ஆரு அவுத்துப் பாக்கப்போறான்?"

வாசல் படலை உதைபட்டது.

ஆமிக்காரர் ஐந்து பேர். அடுக்களை, பரண், கிணறு எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்பும்போது அவர்களில் இளையவன் செடிகளருகே நின்றான். எது நன்றாகச் சிவந்திருக்கிறதோ அதற்குத்தானே கை போகும்? பன்னிரண்டாம் செடிக்குப் போனது. பழத்தைத் திருகினான். செடி ஆடியது. அவசரத்தில் அவள் போட்ட முடிச்சு நழுவி, சீலை கீழே விழுந்தது.

அவன் பழத்தைக் கடிக்கவில்லை. "இது என்ன?" என்று அரைகுறைத் தமிழில், மெதுவாகத்தான் கேட்டான்.

"செடி கட்டத்தான் ஐயா, செடி கட்டத்தான்," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழகரத்தினத்தை ட்ரக்கில் ஏற்றும்போதும் அதையேதான் சொன்னாள்.

அதன்பின் தினமும் காலையில் ஆமி முகாம் வாசலில் நிற்பாள். வெயிலேற வந்து தண்ணீர் ஊற்றுவாள். பன்னிரண்டாம் செடியை அவள் பிடுங்கவுமில்லை, அதிலொரு பழம் பறிக்கவுமில்லை. பழுத்துப் பழுத்து வைக்கோலில் விழுந்தன.

பதினேழாம் நாள் அழகரத்தினம் நடந்து வந்தான். கிணற்றடியில் அவள் தண்ணீர் வார்க்க, கைகளை நீட்டினான். இரண்டு மணிக்கட்டிலும் சுற்றிவரப் பள்ளம் விழுந்து, சதை அதை மூடத் தொடங்கியிருந்தது.

அடுத்த வருசமும் அவன்தான் செடி கட்டினான். கட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு விரல் போகும்.

கண்ணுகளே, உங்கள் வீட்டில் போடுகிற கட்டெல்லாம் ஒரு விரல் இளக்கமாக இருக்கட்டும். உங்கள் படலையால் வெளியே போன கால், போன வழியே திரும்பி வரட்டும்.