ஏழாம் குழியின் பல்

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு வைத்த பெயர் பாறை. நான் கோபக்காரி என்பது உண்மைதான். ஆனால் பெயருக்குக் காரணம் அதுவல்ல. சிறு வயதில் குடித்த தண்ணீரிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் பல்லின் எனாமலில் தங்கிவிடும். அதில் எந்த வகை எவ்வளவு என்பது ஊர்ப் பாறைக்கு ஏற்ப மாறும். நான் வளர்ந்தது ஒரு கல்குவாரிக்குள். பிடுங்கிய என் கடைவாய்ப் பல்லுக்கு வந்ததைப் போன்ற எண் ஆய்வகத்தில் வேறு ஒருவருக்கும் வந்ததில்லை.

பழைய பற்களைச் சோதிக்கும்போது, இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க எண் தெரிந்த ஒரு பல்லையும் கூடவே போடுவோம். அதை வீட்டுப் பல் என்போம். மூன்று வருஷமாக வீட்டுப் பல் என்னுடையதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம், அகழாய்வில் ஏழாம் குழியிலிருந்து எடுத்த எலும்புக்கூட்டின் பல்லுக்கும் என் பல்லுக்கும் ஒரே எண் வந்தது. நான்காம் தசமம் வரை ஒன்று.

"பல்லுத் துளைக்கிற ஊசியக் கழுவாம விட்டுட்டியா பாறை?" என்றார் கண்காணிப்பாளர். "இல்ல, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உன் சொந்தக்காரங்க இருந்தாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏட்டில் 'கலப்படம்' என்று எழுதிவிட்டு, அதே தாடையிலிருந்து வேறொரு பல்லை எடுத்து, புது ஊசி போட்டு, முதலிலிருந்து செய்தேன்.

வியாழக்கிழமையும் அதே எண். கூடவே கார்பன் சோதனையின் முடிவும் வந்து சேர்ந்தது. உலகத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த பிறகு பிறந்தவர்களின் பல்லில்தான் அவ்வளவு கார்பன் பதினாலு இருக்கும். எங்கள் பெரிய நிபுணர் குழியை எட்டிப் பார்த்தே இரண்டாயிரம் வருஷம் என்று அடித்துவிட்டிருந்தார்.

அந்தக் குவாரிக்குள் குடும்பத்தோடு குடியிருந்தது நாங்கள் மட்டும்தான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டே பேர், நானும் அக்காவும். அக்கா பதினெட்டு வருஷத்துக்கு முன் யாரோடோ ஓடிப்போனாள். அப்படித்தான் அப்பா சொன்னார். அம்மா இன்னும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறாள்.

அப்போது அப்பா குவாரி வேலையை விட்டு அகழாய்வில் மேஸ்திரியாகச் சேர்ந்திருந்தார். தோண்டி முடித்த குழிகளை மண் போட்டு மூடுவது அவர் பொறுப்பு. அந்தக் குழிகளை இந்த வருஷம் திரும்பத் திறந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடி வீட்டுக்குப் போன் செய்தேன். வேறு ஏதாவது காரணம் இருந்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, ஏழாம் குழியில ஒரு பல்லு கெடச்சிருக்கு..."

"யாரு சோதிக்கிறா?"

"நான்தான்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கெட்டுப்போன பல்லுன்னு எழுதிடும்மா. நீ சொன்னா நம்புவாங்க."

"ஏன்ப்பா?"

"அவ பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அது பெண்ணின் பல் என்று நான் சொல்லவே இல்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வேணும்னு செய்யலம்மா," என்றார். "கோவத்துல ஒரே ஒரு அடி. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் ஆவலோடு கேட்டது: "யாருங்க போன்ல? பெரியவளா?"



"போனை அம்மாகிட்ட குடுங்கப்பா," என்றேன்.