பதினைந்து சென்டிமீட்டர்

கரகோல் நகரில் கட்டப்போகும் மகப்பேறு மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கும் அறைக்கு மட்டும் காற்றே வரவில்லை. கட்டடம் இன்னும் எழும்பவில்லைதான். எல்லாம் தலைநகர் பிஷ்கெக்கின் அலுவலகம் ஒன்றில், புருலின் கம்ப்யூட்டருக்குள்தான் நின்றது. ஆனாலும் காற்றின் அளவு பூஜ்யம் என்றால் பூஜ்யம்தானே. மறுநாள் காலை அரசுப் பரிசீலனைக்குப் போகவேண்டிய மாடல் அது.

புருல் காற்றுக்குழாயின் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அப்படித் தட்டினால், ஒன்றோடொன்று இணைந்த குழாய்கள் வரிசையாக நீலமாக ஒளிரும். விசிறியிலிருந்து கிளம்பிய நீலம் நடைபாதை முழுக்க ஓடி, குழந்தைகள் அறை வாசலில் நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் அங்கே இரண்டு குழாய்களும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. சுவரை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தாள். நடைபாதையின் பெட்டிக்குழாய் இறங்கிக் கிடந்தது. அறைக்குப் போகும் உருளைக்குழாய் அதன் தலைமேல் பாதி ஏறி நின்றது. வாயோடு வாய் பொருந்தவில்லை. வித்தியாசம், சொல்லிவைத்தாற்போல் பதினைந்து சென்டிமீட்டர்.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அந்த நாட்டில் காகிதத்தில் வரையப் படித்தவர்கள், பெட்டிக்குழாய்க்கு அதன் அடிமட்டத்தின் உயரத்தையும் உருளைக்குழாய்க்கு நடுமையத்தின் உயரத்தையும் எழுதுவார்கள். கம்ப்யூட்டரோ இரண்டுக்கும் நடுமையத்தையே கேட்கும். கவனம் பிசகினால் கை பழைய வழக்கத்துக்குப் போய், அடிமட்டத்தை அந்தக் கட்டத்தில் போட்டுவிடும். முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டி, அதில் பாதி இறங்கிவிடும்.

காரணம் புரிந்ததும் அவள் கை அப்படியே நின்றது. அதை வரைந்தவன் தாலாய். இதே தவற்றை வேறு யாராவது செய்தால், "உன் குழாய் கழண்டு விழுந்துடுச்சு, போய்ப் பொறுக்கிட்டு வா" என்று நாள் முழுக்கக் கேலி பேசுகிறவன்.

ஐந்து வருடம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன். எட்டு மாதத்துக்கு முன் கொரியாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனான். அவன் கிளம்பிய நாள் காலையில்தான் வரைபடத்தில் குழந்தைகள் அறையின் சுவர் இடம் மாற்றப்பட்டது. மற்றவர்கள் சம்சாவும் தேநீருமாக வழியனுப்பு மேசையை அடுக்கிக்கொண்டிருக்க, அவன் மாலைவரை உட்கார்ந்து இந்தக் குழாயைத் திருத்தி வரைந்தான். படியிறங்கும்போது கொஞ்சம் பின்தங்கி, "நான் போகட்டுமா, புருல்?" என்று கேட்டான். சுற்றி ஆட்கள். அவள் சிரித்துக்கொண்டே "போயேன்" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் எட்டு மாதமாகத் திரும்ப வாங்க வழி தெரியாமல் இருந்தாள். போனை எடுப்பாள், அவன் படத்தைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். என்ன சாக்குச் சொல்லிக் கூப்பிடுவது?

தலைமைப் பொறியாளர் சபிர்பெக் வந்து திரையை எட்டிப் பார்த்தார். பெட்டியை உயர்த்தினால் உத்தரத்தில் இடிக்குமோ என்று அவருக்குப் பயம். உருளைகளை இறக்கினாலோ ஏழு அறைகளின் கூரை தாழும். உத்தரத்தின் ஆழத்தைக் கேட்டு வாங்கியவன் தாலாய். அது எங்கேயும் குறிக்கப்படவில்லை.

"அவன்கிட்டயே கேளு. நம்பர் இருக்கில்ல?"

"இருக்கு, பைகே." வயதில் மூத்த ஆண்களை அங்கே அப்படித்தான், அண்ணன் என்று அழைப்பார்கள்.

"இருந்துமா இவ்வளவு நேரம் திரையை முறைச்சிக்கிட்டிருக்க?"

எதிர் மேசையிலிருந்த அய்ஜமால், புருலைவிடப் பத்து வயது இளையவள், அவளை எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எஜேக்கு அந்த நம்பர் மனப்பாடம், பைகே. கூப்பிடத்தான் வராது."

புருல் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். நலம் விசாரிக்கக்கூட வாய் வராமல் அவள் நேரே குழாயைப் பற்றிச் சொன்னாள்.

"அடிமட்டத்தைப் போட்டிருக்கேனா? நானா?"

"நீதான்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. உத்தரத்தின் ஆழம் நாற்பது சென்டிமீட்டர்தான், தாராளமாக உயர்த்தலாம் என்றான். அவ்வளவுதான் வேலை. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.

"அன்னிக்கு நான் திரையையே பார்க்கல, புருல்," என்றான்.

பிறகு அவனே பேச்சை ரொட்டிக்கு மாற்றினான். அவர்கள் வழக்கப்படி, தூரம் போகிறவன் ஒரு முழு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மீதியை அவன் வீட்டார், அவன் திரும்பி வந்து சாப்பிடும்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். தாலாய்க்கு வீடென்று யாரும் இல்லாததால், அன்று அலுவலகத்திலேயே கடிக்கவைத்து அலமாரியில் வைத்தார்கள்.

"அது மறுநாளே காணோமாம். எலி தூக்கிட்டுப் போயிருக்கும்னு பைகே சொன்னாரு. கெட்ட சகுனமோன்னு எனக்கு ஒரு மாதிரியாவே இருக்கு."

புருல் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எலி இல்ல. எங்கிட்ட இருக்கு. எங்க வீட்டுல, துணியில சுத்தி வச்சிருக்கேன்."

"இந்நேரம் காஞ்சிருக்குமே," என்றான்.

"கல்லு மாதிரி இருக்கு. சூப்புல ஊறவச்சுத் தரேன்."

அங்கே மணி அடித்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாறு மாதம் என்று அவசரமாகச் சொன்னான். கெடாம வச்சிரு என்றான். இணைப்பு அறுந்தது.

அவள் திரும்பி வந்து பெட்டிக்குழாயைப் பதினைந்து சென்டிமீட்டர் தூக்கி, இரண்டு வாய்களையும் சேர்த்தாள். குழந்தைகள் அறைக்குக் காற்று வந்தது.

"என்ன சொன்னான்?" என்றார் சபிர்பெக்.

"ஏத்தச் சொன்னான், பைகே."

"அதுக்கா அரைமணி நேரம்? வேறென்ன சொன்னான்?"

புருல் சன்னலுக்கு வெளியே பனி மூடிய மலைகளைப் பார்த்தாள்.

"பதினாறு மாசம்னு சொன்னான்."