பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டியவர்

எந்தச் சாமானை யார் கேட்டாலும், பெட்டியின் மேலுள்ள மிகப் பெரிய எண்ணை உரக்க வாசிப்பது பதுளைக் கடைவீதித் தங்கராஜா முதலாளியின் வழக்கம். சுடுநீர்ப் போத்தலென்றால், "இருபத்துநாலு மணித்தியாலம்!" டோர்ச் லைட்டென்றால், "ரெண்டு கிலோமீட்டர்!" எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவர் பார்த்ததில்லை, பார்த்துவிட்டால் அத்தனை கம்பீரமாக வாசிக்க முடியாது.

நமுனுகுல தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தனலெட்சுமி, சீட்டுப் பணம் எடுத்த கையோடு தொலைநோக்கி கேட்டு வந்தபோதும், "ஐந்நூத்து இருபத்தஞ்சு மடங்கு!" என்று முழங்கினார். ஒல்லியான மூன்று அலுமினியக் கால்களில், இரண்டு வருடமாக விலைபோகாமல் நின்ற நீண்ட குழாய் அது.

தனலெட்சுமியின் பார்வையோ மூலையிலிருந்த இன்னொரு தொலைநோக்கியான குட்டைத் தடியன் மேல் விழுந்தது. மரச் சுழல்பலகையில் அசையாமல் உட்கார்ந்திருந்த அதற்குக் கண்வைக்கும் துளை பக்கவாட்டில் இருந்தது.

"எனக்கு அதுதாங்க வேணும். ஏழரைச் சனி புடிச்சிருக்கு. அவரு மூஞ்சிய ஒருக்கா பாத்துடணும். ஆனா சனீஸ்வரனுக்கு நேருக்கு நேர் நிக்கக்கூடாதுங்களே! இதுன்னா பக்கத்துல நின்னு பாக்கலாம்."

"அது ஹாலிஎல டொக்டர் ஓடர் பண்ணினதும்மா," என்றார் முதலாளி. அப்படியொரு டொக்டர் அந்த நிமிடத்தில்தான் பிறந்தார்.

அடுத்த வாரம் நீண்ட குழாய் தனலெட்சுமியின் தோளில் திரும்பி வந்தது.

"என்னம்மா, சனி தெரியலியா?"

"தெரிஞ்சாருங்க. ஆனா மூச்சு விட்டா ஆடுறாரு, தொட்டா ஓடியே போயிடுறாரு. நீங்களே பாருங்க."

வாசலில் அதை நிறுத்தி, எதிர்க்கூரையில் இருந்த காகத்தை முதலாளி தேடிப் பிடித்தார். பஸ்ஸொன்று போனது, குழாய்க்குள் காகம் பேயாட்டம் ஆடியது.

"காத்து," என்றார். தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

தனலெட்சுமி உள்ளே போய், குட்டைத் தடியன் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் கோடிழுத்தார். "டொக்டருக்கே உடம்பு சரியில்லீங்களா? பரவாயில்ல, அவரு வர்ற வரைக்கும் இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டோர்ச் கேட்டுவந்த பவாஸிடம் முதலாளி வாய் திறக்குமுன், "ரெண்டு கிலோமீட்டர் தம்பி!" என்று தனலெட்சுமியே முழங்கினார். "மொதல்ல நடந்துபோய்ப் பாத்துட்டு வாங்க."

பவாஸ் சிரித்தபடி வெறுங்கையோடு நடையைக் கட்டினான். முதலாளி டோர்ச் பெட்டியை மறுபடி தட்டில் வைத்தார்.

"மொதலாளிக்கு என்ன ராசி?"

"கும்பம்."

"அட, எனக்கும் அதுதான்! அப்ப ரெண்டு பேரையும் ஒருத்தருதான் பாத்துக்கிட்டிருக்காரு. டொக்டர் கதையும் அவரு காதுல விழுந்திருக்கும்."

அன்று பொழுது சாய்ந்ததும், ஆட்டோ ஏற முடியாத படிக்கட்டில் குட்டைத் தடியனைத் தோளில் சுமந்தபடி முதலாளி தனலெட்சுமி குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார். கூடிவிட்ட அத்தனை பேர் முன்னாலும் மூச்சு வாங்கச் சொன்னார்: "டொக்டர்னு யாரும் இல்லம்மா. விக்காதத உங்க தலையில கட்டப் பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்க. இது உங்களுக்குத்தான்."

"அத அப்புறம் பேசலாங்க. மொதல்ல அவரப் புடிங்க."

சனியைப் பிடிக்க அரைமணி நேரம் ஆனது. தனலெட்சுமி பக்கவாட்டில் நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார்.

"அடேயப்பா, வளையம் போட்டுக்கிட்டு நிக்கிறாரு! இம்புட்டு அழகா இருந்துக்கிட்டா இந்த அட்டகாசம்?"

அதைக் கேட்டு லயமே வரிசையில் நின்றது. பூமி சுழலச் சுழலச் சனி குழாயைவிட்டு நழுவிக்கொண்டேயிருந்தார். ஒவ்வொருவருக்கும் முதலாளியே குனிந்து, குழாயை மெல்லத் தள்ளி, அவரை மறுபடி பிடித்துக் கொடுத்தார். இடுப்பு வலிக்கிறதென்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.