மேல்மாடிக்கு ஏற்றிவிட்ட நாற்பத்து மூன்று வார்த்தைகள்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவன் நான். மேலே போகும் என்று சொல்லி ஒருவரையும் கீழே கொண்டுபோய் விட்டதில்லை. லிஃப்ட் இயக்கிய இந்தக் கை மேல் சத்தியம்.

என் மருமகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். என் மகன் வேறு தேசத்துக்கு வேலைக்குப் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. அவளும் அங்கே போய்ச் சேர ஒரு வழிதான் இருந்தது, மேல்படிப்பு. பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆங்கில வார்த்தைப் பரீட்சையில் நூற்று எழுபதுக்கு நூற்றைம்பத்தைந்து எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் நூற்று நாற்பத்தொன்பது. மூன்றாவதிலும் கோட்டைவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ராத்திரி முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவளுக்குக் காலையில் போன் திரையைப் பார்க்க முடியாது. அதனால் அட்டைகளில் எழுதிக்கொண்டாள். முன்பக்கம் ஆங்கில வார்த்தை, பின்பக்கம் தமிழில் அர்த்தம், மொத்தம் ஆயிரத்து இருநூறு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் காலை விட்டு உட்காருவாள். எதிரே ஸ்டூலில் நான். அட்டையைக் காட்டுவேன், அவள் படித்து அர்த்தம் சொல்வாள், பின்பக்கத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று நான் சொல்வேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. தமிழ் படிக்க வரும், தலையாட்டவும் வரும். அந்த வேலைக்கு அது போதும்.

மூன்று செருப்புப் பெட்டிகள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பாகச் சொன்னால் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவதை வாரத்துக்கு ஒரு தடவை. எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, அவ்வளவுதானே! லிஃப்டில் சில பேர் இருப்பார்கள், எத்தனை தடவை ஏற்றிவிட்டாலும் எதையோ மறந்துவிட்டுத் தரைத்தளத்துக்கே வந்து நிற்பார்கள். அப்படி நாற்பத்து மூன்று வார்த்தைகள் எங்கள் முதல் பெட்டியில் குடியிருந்தன.

அதில் மகா பிடிவாதக்காரன் 'எனர்வேட்'. அதன் மேல் ஒரு காபிக் கறை.

"எனர்வேட்... தெம்பு குடுக்கறது."

"இல்லம்மா. தெம்பை உறிஞ்சி எடுத்துடறது."

"நேத்தும் இதையேதான் சொன்னேனா மாமா?"

"நேத்து மட்டுமா? பதினேழு நாளா."

"எனர்ஜி மாதிரியே இருக்கே! ஏமாத்துது மாமா இது." சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கால் இன்னும் வெந்நீரில்தான் இருந்தது. வெந்நீர் பச்சைத்தண்ணீராகி வெகுநேரம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரி துண்டோடு வந்தாள். "ஏங்க, அந்தப் பெட்டி காலியானாத்தானே இந்தப் பொண்ணு படுக்கைல போய்ப் படுக்கும்? காலி பண்ணுங்களேன்."

சொன்னவள் போய்விட்டாள். செய்தவன் நான். நாற்பத்து மூன்றையும் முதல் மாடியில் நிறுத்தாமல் நேராக இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் செய்யாத குற்றம் அது.

மறுநாள் பெட்டியைத் திறந்தவள், "மாமா, கீழ யாருமே இல்லையே!" என்றாள். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்கினாள். கட்டிலில் படுத்து அப்படி அவள் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டாம் மாடியை வாரத்துக்கு ஒரு தடவைதான் திறப்பாள். அந்த நாற்பத்து மூன்றும் பரீட்சையில் வரிசையாக வந்து நின்றால்?

எழுப்பி உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. ஆகவே வார்த்தைகளை எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அவிழ்த்துவிட்டேன். அவள் வாயால் நூறு தடவை கேட்டதால் உச்சரிப்பு எனக்குப் பாடம். வீட்டுக்கு வீடு போய் ஆளுக்கு ஒன்று கொடுத்து, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மூன்றே நாள். குழாய் ரிப்பேர்காரர் மாடிப்படியில் அவளை நிறுத்தி, "கசிவை நிறுத்த முடியாதும்மா, மிட்டிகேட்தான் பண்ணலாம். கொஞ்சம் குறைக்கலாம், அவ்ளோதான்" என்றார். முதல் மாடித் தையல்காரி, "குழாய்ல தண்ணி இப்பல்லாம் எஃபெமரல் ஆயிடுச்சு, வந்த வேகத்துல போயிடுது" என்று பக்கெட்டைத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரர்கள் செருப்பு ஸ்டாண்டுக்காகச் சண்டை போட்டபோது, "நீதான்யா பெல்லிகரன்ட்!" "வம்புக்கு நிக்கறது நீ, பெல்லிகரன்ட் நானா?" என்று கட்டடமே அதிர்ந்தது. வாட்ச்மேனுக்கு 'டாசிடர்ன்' கொடுத்தேன், அதிகம் பேசாதவன் என்று அர்த்தம். ஆறு வருஷமாக வாயே திறக்காத மனுஷன் அவளுக்கு சல்யூட் வைத்து, "மேடம், நான் டாசிடர்ன்" என்றார். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

எனர்வேட்டை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கனமாக இருக்கிறது என்றார்கள். சரி, நானே வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு நாலாவது மாடி. கட்டடத்து லிஃப்ட் ரிப்பேராகி அப்போது ஐந்து மாதம். என்னைத் தொடவிட்டால் அரைநாளில் ஓடவைப்பேன், யார் விடுகிறார்கள்? காலை ஏழு மணிக்கு அவள் ஷிஃப்ட் முடிந்து ஏறி வரும்போது கடைசிப் படியில் நான் உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று, எழுபத்திரண்டு படி ஏறி வந்தாள்.

"எனர்வேட்" என்றேன்.

கைப்பையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெம்பை உறிஞ்சி எடுத்துடறது" என்றாள். "படி மாதிரி. ஷிஃப்ட் மாதிரி. இந்தப் பரீட்சை மாதிரி." கொஞ்சம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா."

"தெரியும் மாமா. காபிக் கறை இருந்த கார்டு மேல போனப்பவே தெரியும்."

"அப்போ ஏன் கேக்கலை?"

"கேட்டா திரும்பக் கீழ எறக்கிடுவீங்க. தூங்கணும்போல இருந்துச்சு."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரி கதவைத் திறந்து, "உள்ள நாற்காலின்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்று கேட்டபிறகுதான் எழுந்தோம்.

பரீட்சையில் நாற்பத்து மூன்றும் வந்தன. குழாய்க்காரர் முகம், தையல்காரி பக்கெட், வாட்ச்மேன் சல்யூட் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகத் தெரிந்ததாம். நூற்று எழுபதுக்கு நூற்று எழுபத்திரண்டு எடுத்தாள். அதெப்படி இரண்டு கூடுதல் என்று விசாரித்ததற்கு, அது களைப்புக்காகப் போட்டது என்றார்களாம். போன மாதம் விமானம் ஏறிவிட்டாள். அங்கே விமான நிலைய வாசலுக்கு வந்து அழைத்துப்போன என் மகன் அவள் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லையாம். வீடு முதல் மாடியில்தானாம், அங்கே லிஃப்டும் ஓடுகிறதாம்.

பரீட்சையிலிருந்து இதுவரை சொன்னது மட்டும் இன்னும் நடக்கவில்லை. பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமை.