எட்டு மணிக்கும் எட்டுப் பத்துக்கும் இடையில்

“வைச்சிடாதேங்கோ அன்ரி, நான் தமிழ்தான்!”

இந்தத் தடவை மறுமுனையில் இருந்த பெண் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

“தமிழெண்டால் ஏன் பிள்ளை பிரெஞ்சிலை தொடங்கினனீங்கள்? இன்சூரன்ஸ் ஆக்களோ? அவையளும் இப்ப தமிழிலைதான் எடுக்கினம்.”

“இல்லை அன்ரி. என்ரை பேர் நிரஞ்சனி. லோயர் ஒஃபிசிலையிருந்து கதைக்கிறன். டினோஜன் நிக்கிறாரோ?”

“லோயரோ? ஐயோ மாதாவே, அவன் என்ன செய்தவன்?”

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். மேசைக்கு எதிர்ப்புறம் எங்கள் தெரிவுக் குழுவின் தலைவி கரோலின் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். எட்டு மூன்று. இது என் மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும், இரவு முழுக்க ஒத்திகை பார்த்த பிரெஞ்சில் நான் ‘போன்ஜூர்’ என்று தொடங்க, ‘நோ, மெர்சி’ என்று அந்தக் குரல் அழைப்பைத் துண்டித்துவிட்டது.

பயிற்சிச் சட்டத்தரணிகளைத் தெரிவுசெய்யும் நாளில் மொன்றியலின் பெரிய சட்ட நிறுவனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில், காலை சரியாக எட்டு மணிக்கு, தெரிவானவர்களை அழைக்கத் தொடங்கும். முப்பத்தோராம் மாடிக் கண்ணாடிக்கு அருகில் நின்று நான் அதைக் கற்பனை செய்திருந்தேன்: பனி மூடிய தீவு முழுவதும், கட்டில்களிலும் சமையலறைகளிலும் மெற்றோப் படிகளிலும், நூறு தொலைபேசிகள் ஒன்றாக ஒலித்து எழுவதை. இந்த வருடம் அந்த நூறில் ஒன்றை ஒலிக்க வைப்பவள் நான். அதற்காகவே ஆறரைக்கு வந்துவிட்டேன். கோப்பி குடிக்கவும் மறந்து போனேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. பத்து நிமிடத்துக்குள் ஆள் அகப்படாவிட்டால் பட்டியலில் அடுத்தவர். காத்திருந்தால் அவரையும் வேறு நிறுவனம் கொண்டுபோய்விடும். அடுத்த பெயர் எழுதிய தாள் கரோலினின் முன்னால் கிடந்தது. அந்தப் பெயருக்குரியவனின் தாத்தாவின் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. நல்ல பையன்தான். ஆனால் பல பின்னணிகளில் இருந்தும் ஆட்களை எடுக்கப்போகிறோம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கடைசியில், ஏற்கெனவே தெரிந்த முகங்களைப் போன்ற முகங்கள்தான் வந்து சேர்ந்தன.

டினோஜன் தன் விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில் எழுதியிருந்தான்: ‘பதினொரு வயதிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் மண்டபத்தில் மற்றவர்களுக்கு வந்த பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது. வாடகை, வைத்தியசாலை, குடிவரவு.’ குழுவில் ஒருவர் மெதுவாகச் சிரித்தார். “இதை அனுபவத்தில் சேர்க்கலாமா?” என்று கேட்டார். நான் என்ன பேசினேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. பேசி முடித்தபோது காது சுட்டது மட்டும் நினைவிருக்கிறது. கரோலின் அவன் பெயரை மேலே எழுதினார்.

“அவர் ஒண்டும் செய்யேல்லை அன்ரி. நல்ல விசயம்தான். அவரோடை உடனை கதைக்க வேணும்.”

“அவன் காரெடுக்க ஓடிட்டான் பிள்ளை. பனி அள்ளுறவங்கள் சைரன் அடிச்சிட்டாங்கள். எடுக்காட்டி இழுத்துக்கொண்டு போயிடுவாங்களெல்லே. போன் இஞ்சை சார்ச்சிலை கிடக்கு. எட்டுக்கு முன்னம் வந்திடுவன் எண்டு சொன்னவன்.”

அவர் பின்னால் அந்தச் சைரன் எனக்கும் கேட்டது. செயின்ட்-மிஷேலில் ஒரு தெருவே விழுந்தடித்துக்கொண்டு கார்களை நகர்த்தும் நேரம். மற்றத் தெருவில் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பான்.

“எட்டு மணிக்குக் கோல் வருமெண்டு உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

“எனக்கு ஒண்டும் சொல்லமாட்டான். சொன்னால் கோயில் முழுக்கச் சொல்லிப்போடுவனாம்.” சட்டென்று நிறுத்தினார். “பிள்ளை, முதல் ரெண்டு தரமும் எடுத்தது நீங்களோ?”

“பரவாயில்லை அன்ரி.”

“அட கடவுளே!”

யன்னல் திறபடும் சத்தம். காற்று தொலைபேசிக்குள் புகுந்து இரைந்தது. “டினோ! டேய் டினோ! காரை விட்டிட்டு ஓடி வாடா! லோயராக்கள்!” மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் தமிழில் கத்துவதை முப்பத்தோராம் மாடியில் இருந்து கேட்டேன். கரோலினுக்கும் கேட்டிருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று புருவத்தால் கேட்டார்.

“வந்துகொண்டிருக்கிறார்,” என்றேன் பிரெஞ்சில். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. எட்டு ஏழு.

“எந்த இடம் பிள்ளை நீங்கள்?” மூச்சு வாங்கத் திரும்பி வந்திருந்தார்.

“லவால்.”

“அதில்லை. அங்கை, ஊரிலை?”

“அம்மா இளவாலை.”

“நாங்கள் பாசையூர்! என்ரை பேர் அஞ்சலீனா. அப்ப அந்தப் பெரிய இடத்துக்குள்ளை எங்கடை பிள்ளை ஒண்டு இருக்குது.” குரல் நனைந்தது. “சாப்பிட்டீங்களோ?”

இல்லை என்று சொல்லும்போது ஐந்து வருடத்துக்கு முந்திய என் எட்டு மணி ஞாபகம் வந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு முழுவதும் பிரெஞ்சில் கதைத்தேன். வெளியே வந்தபோது அம்மா கதவடியில் நின்றார். விரல்களில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. “கிடைச்சிட்டுது,” என்றேன். அந்த ஒரு சொல்தான். பிறகு சிநேகிதிகளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிட்டேன்.

எட்டு எட்டு. கரோலின் இரண்டாவது தாளின் மேல் கை வைத்தார்.

“வாறான்! வாறான்!”

படிகளில் யாரோ இரண்டிரண்டாகத் தாவி ஏறும் சத்தம். கதவு சுவரில் மோதியது. “அம்மா, ஆர்? அம்மா, போனைத் தாங்கோ!” நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். என் முகத்தைப் பார்த்த கரோலின் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“பொறடா, பனிச் சப்பாத்தோடை வீட்டுக்குள்ளை வராதை,” என்று அதட்டிவிட்டு, அஞ்சலீனா அன்ரி குரலைத் தாழ்த்தித் தொலைபேசியை வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

“பிள்ளை, அவனிட்டைக் குடுத்தால் ரெண்டு பேரும் பிரெஞ்சிலைதான் கதைப்பியள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஊராற்றை கடிதமெல்லாம் அவன்தான் வாசிச்சுச் சொல்லுறவன். இதை மட்டும், அவனுக்குச் சொல்ல முன்னம், நீங்கள் எனக்குத் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோவன்.”